சும்மா இருக்கும்போது ஏன் கீச்சிடுகிறது லேப்டாப்?

லினக்ஸ் இயங்குதளம் போட்ட லேப்டாப்பில் சிலருக்கு விசித்திரமான ஒரு தொல்லை வரும். எந்த வேலையும் ஓடாமல், மின்விசிறிகூட நின்றுபோன நேரத்தில், கீபோர்டுக்கு அடியிலிருந்து மெல்லிய, கூர்மையான கீச்சொலி கேட்கும். பெரிய கம்பைல் ஒன்றை (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கனமான வேலை) ஓடவிட்டால் சட்டென்று அடங்கிவிடும். வேலை முடிந்த மறுகணம் திரும்ப வந்துவிடும். அதே இயந்திரத்தில் விண்டோஸ் ஓடும்போது சத்தமே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. பழைய மாடல்கள் சிலவற்றில் யுஎஸ்பி மவுஸைச் செருகினாலே சத்தம் நின்றுவிடும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: வேலையில்லாத பிராசசர் தூங்கி விழிக்கும் விதம். வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு ஒரு அளவுருவைக் கொடுத்து மின்சேமிப்பை மொத்தமாக முடக்கிவிடுங்கள் என்பது. சத்தம் போய்விடும், கூடவே பேட்டரி நேரத்தில் பெரும்பகுதியும் போய்விடும். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தூக்கத்தின் எந்தப் படியில் சத்தம் பிறக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் படியை மட்டும் மூடினால் பெரும்பாலும் போதும். அதைச் செய்ய உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பிராசசருக்குத் தேவைப்படுவது சுமார் 1 வோல்ட் மின்னழுத்தம். பேட்டரியும் சார்ஜரும் தருவது அதைவிடப் பல மடங்கு. இந்த இறக்கத்தைச் செய்ய மதர்போர்டில் பிராசசருக்குப் பக்கத்திலேயே மின்னழுத்தச் சீராக்கி ஒன்று இருக்கும். உள்வரும் மின்சாரத்தை அது நொடிக்குப் பல லட்சம் தடவை துண்டித்துத் துண்டித்து இணைக்கும். அந்தத் துண்டுகளைச் சமப்படுத்திச் சீரான ஓட்டமாக்குவது அருகிலுள்ள காயில்களும் (கம்பிச் சுருள்கள்) கெபாசிட்டர்களும். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதனால் இந்தத் துண்டிப்பு வழக்கமான வேகத்தில் நடக்கும்வரை நமக்கு ஒன்றும் கேட்காது. நமக்குக் கேட்பது, பிராசசர் இழுக்கும் மின்னோட்டம் திடீர் திடீரென்று ஏறி இறங்குவதால் வரும் அதிர்வு.

ஏன் ஏறி இறங்குகிறது? வேலையில்லாதபோது பிராசசர் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதில்லை. சி-ஸ்டேட் எனப்படும் தூக்கப் படிகளில் இறங்கும். சி-0 என்றால் விழிப்பு. சி-1இல் கட்டளைகளை நிறைவேற்றுவதை மட்டும் நிறுத்தும், உடனே எழுந்துவிடலாம். சி-3 போன்ற படிகளில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற வேக நினைவகத்துக்கும் ஓய்வு. சி-6இல் கோரின் (பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) நிலையைத் தனியே சேமித்து வைத்துவிட்டு, அதற்குப் போகும் மின்சாரத்தையே கிட்டத்தட்ட அறுத்துவிடும். எல்லா கோர்களும் ஆழமாகத் தூங்கிவிட்டால் முழுச் சில்லும் சேர்ந்து இன்னும் கீழே இறங்கும். 2013இல் வந்த இன்டெல்லின் ஹாஸ்வெல் தலைமுறையின் மெல்லிய லேப்டாப் சில்லுகள் இதை சி-10 வரை கொண்டுபோயின. எவ்வளவு ஆழமான தூக்கமோ, விழிக்கும்போது மின்னோட்டம் அவ்வளவு பெரிதாக எகிறும். இந்த எகிறல் ஒரு நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் தடவை ஒழுங்காக நடந்தால், அது காதுக்கு எட்டும் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

மின்சாரம் ஏறி இறங்குவது சத்தமாக மாறுவதற்குச் செராமிக் கெபாசிட்டர்கள் காரணம். இவற்றில் பெரும்பாலானவை பேரியம் டைட்டனேட் என்ற பொருளால் ஆனவை. மின்னழுத்தம் மாறும்போது அந்தப் பொருள் மிக மிக நுண்ணிய அளவில் சுருங்கி விரியும். கெபாசிட்டர் தனியாக இருந்தால் அந்த அசைவு காதுக்கு எட்டவே எட்டாது. ஆனால் அதன் இரு முனைகளும் மதர்போர்டில் இறுகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் போர்டையும் சேர்த்து வளைக்கிறது. வீணையின் குடம் தந்தியின் சிறு அதிர்வை வாங்கிப் பெருக்குவதுபோல, அகன்ற போர்டு அதைப் பெருக்கிக் காட்டுகிறது. காயில்களும் பாடும். இருந்தாலும் லேப்டாப் விஷயத்தில் வழக்கமாகச் செய்வதுபோல எல்லாப் பழியையும் காயில் மேல் போடுவது சரியில்லை, பல நேரம் குற்றவாளி கெபாசிட்டர்தான்.

ஆரோக்கியமான போர்டிலும் இது வரும். சத்தம் கேட்கிறது என்பதற்காகப் பிராசசர் பழுதாகிவிட்டது, சீக்கிரம் செத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

சரி, லினக்ஸில் மட்டும் ஏன்? இதற்குப் பதில் கெர்னலின் டைமர் வரலாற்றில் இருக்கிறது. பழைய கெர்னல்கள் எல்லாம் ஒரு நிலையான தாளத்தில் பிராசசரை எழுப்பி, செய்ய ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வைத்தன. வழக்கமான பிசிக்களில் இது முதலில் நொடிக்கு 100 தடவை. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல் அதை 1000 ஆக உயர்த்தியது. திரையும் ஒலியும் உடனுக்குடன் பதில் தர வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். லேப்டாப்பில் விளைவு வேறாக இருந்தது. பிராசசர் ஆழத் தூங்கும், ஒரு மில்லிநொடியில் எழுப்பப்படும், வேலை இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கும், மறுபடி எழும். இது நொடிக்கு ஆயிரம் தடவை துல்லியமாக நடந்தால் 1000 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் பிறக்கும். அதன் மடங்குகளான 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளும் கூடவே வரும். மனிதக் காது மிகவும் கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். எரிச்சல் அதிகமாகத் தெரியும் இடத்திலேயே போய் விழுந்தது அந்தச் சத்தம்.

அதே காலத்து விண்டோஸ் எக்ஸ்பி பெரும்பாலான கணினிகளில் நொடிக்கு 64 தடவைதான் எழுந்தது. அந்தத் தாளத்தில் வரும் ஒலி மிகத் தாழ்ந்தது. அவ்வளவு சின்ன போர்டு அதைக் கேட்கும்படி எழுப்பாது, காதும் அதைப் பெரிதாகக் கவனிக்காது. பாட்டோ வீடியோவோ ஓட்டும் மென்பொருள் ஒன்று டைமரைத் தன் தேவைக்காக 1 மில்லிநொடிக்கு இறக்கினால் விண்டோஸிலும் அதே கீச்சொலி கிளம்பும். ஆக, லினக்ஸ் எந்தப் பாகத்தையும் கெடுத்துவிடவில்லை. போர்டில் முன்பே இருந்த குணத்தை ஓயாமல் கேட்கும்படி செய்தது, அவ்வளவுதான்.

2005 ஆகஸ்டில் வந்த 2.6.13 கெர்னல் இந்த 1000ஐ 250 ஆக இறக்கியது. 100, 250, 1000 என்று மூன்றில் ஒன்றை கம்பைல் செய்யும்போது தேர்ந்தெடுக்கும் வசதியும் அப்போதுதான் வந்தது. மாற்றத்துக்குக் காரணம் கீச்சொலி கிடையாது, மின்சாரமும் பிராசசர் நேரமும் வீணாகக்கூடாது என்பதுதான். ஆனாலும் சத்தத்தால் நொந்துபோயிருந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. குறைந்த எண்ணைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் கெர்னலைத் தாங்களே கம்பைல் செய்துகொண்டவர்களும் உண்டு.

யுஎஸ்பி மவுஸ் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துப் பிராசசர்கள் சி-3இல் தூங்கும்போது, வேறு சாதனங்கள் நினைவகத்தை நேரடியாகத் தொடுவதைக் கேஷால் கண்காணிக்க முடியாது. அதனால் ஏதாவது சாதனம் நினைவகத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கெர்னல் சி-3க்கு இறங்காமல் சி-2இலேயே நிறுத்திக்கொள்ளும். பழைய இன்டெல் யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லு, ஏதாவது செருகியிருந்தால் ஒவ்வொரு மில்லிநொடியும் நினைவகத்திலிருந்து தன் பட்டியலைப் படிக்கும். ஒன்றும் செருகாவிட்டால் அதுவும் ஓய்வுக்குப் போய்விடும். மவுஸைச் செருகினால் ஆழ்ந்த தூக்கம் தடைபடும், சத்தம் நிற்கும். கழற்றினால் சி-3, சி-4 என்று இறங்கும், சத்தம் தொடங்கும். 2006இல் வந்த முதல் மேக்புக் புரோக்களிலும் இப்படி ஒன்று நடந்தது. போட்டோ பூத் என்ற படமெடுக்கும் செயலியைத் திறந்து கேமராவை இயக்கினால் கீச்சொலி நிற்கிறது என்று அதன் உரிமையாளர்களே கண்டுபிடித்தார்கள். அந்தக் கேமராவும் உள்ளே யுஎஸ்பியில் இணைக்கப்பட்டதுதான். திங்க்பேட் டி40 வரிசைக்காரர்கள் கணினி துவங்கும்போது முதலில் ஓடும் பயாஸிலேயே பிராசசர் மின்மேலாண்மையை அணைத்துத் தப்பித்தார்கள். எல்லோரும் ஒரே கதவைத்தான் வேறு வேறு சாவியால் பூட்டியிருக்கிறார்கள்.

2007 ஏப்ரலில் வந்த 2.6.21 கெர்னல் இந்த நிலையான தாளத்தையே எடுத்துவிட்டது. வேலை இல்லையென்றால் டைமரை நிறுத்திவிட்டு, அடுத்த வேலை வரும்வரை பிராசசரைத் தூங்கவிட்டது. அடுத்த மாதமே இன்டெல் வெளியிட்ட பவர்டாப் என்ற கருவி, எந்த நிரல் நொடிக்கு எத்தனை தடவை பிராசசரை எழுப்புகிறது என்று பெயர் சொல்லிக் காட்டத் தொடங்கியது. அதோடு சத்தம் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. சீரான சுரம் போய், இப்போது ஒழுங்கற்ற சிணுங்கலாக மாறிவிட்டது. தூக்கம் நீண்டதால் ஆழமும் கூடியது, ஒவ்வொரு விழிப்பிலும் எகிறல் பெரிதானது. போதாக்குறைக்கு நவீன மின்னழுத்தச் சீராக்கிகளும் சுமை குறையும்போது மின்சாரம் சேமிக்கத் தங்கள் துண்டிப்பு வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. லட்சக்கணக்கில் இருந்த வேகம் சில ஆயிரத்துக்கு விழுந்தால், சீராக்கியின் சொந்தத் துடிப்பே காதில் விழும். பல புது லேப்டாப்புகளில் டைமரை எப்படி மாற்றினாலும் சத்தம் போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். எதையும் மாற்றுமுன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதிப்படுத்துவது அவசியம். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பத்து அமைப்புகளை மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். முதல் சோதனை எளிது: டெர்மினலில் முடிவில்லாமல் ஓடும் ஒரு சின்னக் கட்டளையைக் கொடுத்து, ஒரே ஒரு கோரை மட்டும் வேலையில் வையுங்கள். சத்தம் நின்றால் தூக்கப் படிகள்தான் காரணம். நிற்காவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்போது சத்தம் மாறினால், திரையின் பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து வெளிச்சம் குறைக்கும் சுற்றுதான் பாடுகிறது. பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போது மட்டும் கீச்சிட்டால் கிராபிக்ஸ் பக்கம் பாருங்கள். பாட்டு நின்று சில நொடிகளில் ஸ்பீக்கரில் டப்பென்ற ஒலியும், அதைத் தொடர்ந்து இரைச்சலும் வந்தால், ஒலிச் சில்லைத் தூங்க வைக்கும் அமைப்பை அணைத்தால் தீரும். டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவியை நிறுவியவர்கள் அதன் அமைப்புக் கோப்பிலேயே இதை மாற்றலாம். சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சில சமயம் சார்ஜரே பாடும்.

தூக்கப் படிதான் என்று தெரிந்த பிறகு, எந்தப் படி என்பது கேள்வி. சிபியூபவர் என்ற கருவியிடம் கேட்டால் உங்கள் பிராசசருக்கு என்னென்ன படிகள் உண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் விழிக்க எத்தனை மைக்ரோநொடி ஆகும் என்று பட்டியல் தரும். சிஸ் கோப்புறைக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ (/sys/devices/system/cpu) என்று போனால் ஒவ்வொரு கோருக்கும் ஒவ்வொரு படிக்கும் தனி அடைவு இருக்கும், அதற்குள் டிசேபிள் என்று ஒரு கோப்பு. அதில் 1 என்று எழுதினால் அந்தப் படி மூடப்படும், 0 என்றால் திறக்கும். ரீபூட் தேவையில்லை, விளைவை அந்த நொடியே காதால் கேட்கலாம். இதைவிட நல்ல சோதனைக் கருவி வேறு கிடையாது என்பேன். ஆழமான படியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே மேலே வாருங்கள். எந்தப் படியை மூடியதும் அமைதி வருகிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கோரில் எழுதுவது அந்தக் கோருக்கு மட்டும்தான் பொருந்தும், எல்லாக் கோர்களிலும் எழுத வேண்டும். ஆனால் இதையே சாதகமாகவும் பயன்படுத்தலாம். முழுச் சில்லும் ஆழப் படிக்கு இறங்க வேண்டுமானால் எல்லாக் கோர்களும் அதற்குச் சம்மதிக்க வேண்டும். சத்தம் அந்த ஒட்டுமொத்த இறக்கத்தால் வருகிறதென்றால், ஒரே ஒரு கோரை மட்டும் ஆழத்துக்குப் போகவிடாமல் பிடித்து வைத்தாலே போதும். மற்ற கோர்கள் தங்கள் அளவில் ஆழ்ந்து தூங்கட்டும். எல்லாவற்றையும் மூடுமுன் இதை ஒருமுறை முயன்று பார்ப்பது நல்லது.

கெர்னல் அளவுரு வழியாகச் செய்பவர்கள் விழும் குழிகள் சில உண்டு. 2010இல் வந்த 2.6.35 முதல் இன்டெல் சில்லுகளுக்கு இன்டெல் ஐடில் என்ற தனி டிரைவர் இருக்கிறது. பழைய குறிப்புகள் சொல்லும் பிராசசர் மேக்ஸ் சி-ஸ்டேட் அளவுரு இந்த டிரைவர் ஓடும்போது ஒன்றும் செய்யாது, அது ஏசிபிஐ (பயாஸ் தரும் மின்மேலாண்மைத் தகவல்) வழி ஓடும் டிரைவருக்கானது. ஏஎம்டி லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஏசிபிஐ டிரைவரே ஓடுவதால் அங்கே அது இன்றும் பயன்படும். இன்டெல் டிரைவருக்கு அதன் சொந்த மேக்ஸ் சி-ஸ்டேட் அளவுரு தேவை. அதில் 0 கொடுத்தால் தூக்கம் முழுவதும் ரத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 0 என்றால் இன்டெல் டிரைவர் விலகிக்கொண்டு ஏசிபிஐ டிரைவரிடம் பொறுப்பை விட்டுவிடும், தூக்கம் தொடரும். இன்னொன்று, அங்கே கொடுக்கும் எண் படியின் பெயரில் உள்ள எண்ணைக் குறிப்பதில்லை, பட்டியலில் எத்தனையாவது என்பதைக் குறிக்கிறது. 3 என்று கொடுத்துவிட்டு சி-3 வரை அனுமதித்தோம் என்று நம்பினால், அந்த மூன்றாவது இடத்தில் சி-6 உட்கார்ந்திருக்கலாம்.

தூக்கமே வேண்டாம் என்று கெர்னலுக்கு ‘போல்’ (idle=poll) அமைப்பைக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதாகவே இல்லை. பிராசசர் எந்த வேலையும் இல்லாமல் முழு வேகத்தில் சுற்றும், சூடேறும், கீச்சொலி போன இடத்தில் மின்விசிறி இரையும். அதிர்வெண்ணை நிர்வகிக்கும் கவர்னரை பர்பார்மன்ஸுக்கு மாற்றுவதும் பெரும்பாலும் வீண். அது பிராசசர் விழித்திருக்கும்போது எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது, நம் சிக்கலோ தூக்கத்தில் இருக்கிறது.

செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு படிக்கும் எல்லாப் படிக்கும் உள்ள வித்தியாசம் புரியும். உதாரணத்துக்கு, 50 வாட்-மணி பேட்டரியுள்ள லேப்டாப் சும்மா இருக்கும்போது 4 வாட் எடுத்தால் பன்னிரண்டரை மணி நேரம் தாங்கும். அது 6 வாட்டாக ஏறினாலே 8 மணி 20 நிமிடமாகச் சுருங்கிவிடும். வேகத்திலும் ஒரு இழப்பு உண்டு: ஒரு கோர் டர்போ எனப்படும் தற்காலிக வேகக்கூட்டலில் உச்ச வேகத்துக்குப் போக மற்ற கோர்கள் ஆழமாகத் தூங்கி இடம் கொடுக்க வேண்டும். சி-1க்குக் கீழே யாரையும் இறங்கவிடாவிட்டால் அந்த உச்சம் குறையலாம். மின்சேமிப்பை முடக்கினால் லேப்டாப் வேகமாகும் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

சத்தம் இரவில் மட்டும்தான் தொந்தரவு என்றால் இன்னும் மென்மையான வழி இருக்கிறது. டெவ் கோப்புறையில் சிபியூ டிஎம்ஏ லேட்டன்சி என்று ஒரு கோப்பு உண்டு. ஒரு நிரல் அதைத் திறந்து, இத்தனை மைக்ரோநொடிக்கு மேல் தாமதம் வேண்டாம் என்று எழுதி, மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அதைவிட அதிக நேரம் எடுத்து விழிக்கும் படிகளைக் கெர்னல் தேர்ந்தெடுக்காது. கோப்பை மூடியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொல்லை தரும் படியின் விழிப்பு நேரத்தைவிடச் சற்றுக் குறைவான எண்ணைக் கொடுத்தால் சரியாக அந்தப் படியும் அதற்குக் கீழுள்ளவையும் மட்டும் விலகும். 0 மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது முன்பு சொன்ன idle=poll அமைப்புக்குச் சமம். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் இந்த நிரலை ஓடவிட்டால் பேட்டரிக்கு எந்தச் செலவும் இல்லை.

எதிர்த் திசையிலிருந்தும் அணுகலாம். தூக்கத்தைக் குறைப்பதற்குப் பதில், எழுப்புகிறவர்களைக் குறைப்பது. பவர்டாப்பை நிர்வாகி உரிமையோடு ஓட்டினால் யார் அதிகம் எழுப்புகிறார்கள் என்று தெரியும். பிரவுசரின் ஏதோ ஒரு தாவல், ஒலிச் சேவை, தட்பவெப்பம் காட்டும் ஒரு சின்ன விட்ஜெட் என்று யாராகவும் இருக்கலாம். விளையாட்டுக்கான சில மவுஸ்கள் நொடிக்கு 1000 தடவை தகவல் அனுப்பும். மவுஸை நகர்த்தும்போது மட்டும் கீச்சொலி வந்தால் அதை 125க்கு இறக்கிப் பாருங்கள். இந்த வழியில் சத்தமும் குறையும், பேட்டரியும் மிச்சமாகும். எல்லோருக்கும் பலிக்காது என்றாலும், பலித்தால் இதுவே சிறந்த தீர்வு.

எந்தப் படியை மூட வேண்டும் என்று முடிவானதும், துவக்கத்தின்போது அதைச் செய்யும் ஒரு சின்ன சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் துவக்கும் நிரல்) சேவையை எழுதிவைத்துவிடலாம், ஏனென்றால் டிசேபிள் கோப்பில் எழுதியது ரீபூட்டில் மறைந்துவிடும். அந்தச் சேவையில் படியின் வரிசை எண்ணை நேரடியாக எழுதாமல், அந்தந்தப் படியின் அடைவிலுள்ள பெயர்க் கோப்பைப் படித்து அதன்படி மூடும்படி செய்யுங்கள். பயாஸ் அல்லது கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு படிகளின் பட்டியல் மாறக்கூடும், அப்போது பழைய எண் வேறொரு படியைப் போய் மூடிவிடும்.